இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவிடந்தைக்குச் சென்றிருந்தோம். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில், கோவளத்தைத் தாண்டியதும் வரும் சிற்றூர் அது. நித்திய கல்யாணப் பெருமாள் அங்கே எழுந்தருளியிருக்கிறார். விவாகம் தடைப்பட்டு நிற்பவர்கள் மாலை வாங்கிச் சாத்தி, அதைப் பிரசாதமாகத் திரும்பப் பெற்றுக் கழுத்தில் அணிந்து பிரகாரத்தை ஒன்பது முறை வலம் வருவது வழக்கம். காரியம் கைகூடிய பின் அந்த உலர்ந்த மாலையுடன் தம்பதிகளாக வந்து சேவிக்க வேண்டும். ஆகையால் கோயில் வாசலில் பூக்கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. நாம் நமக்காகப் போகவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பருவம் கடந்து வெகு காலமாயிற்று. நண்பர் ஒருவருடைய இளைய குமாரிக்காகத் துணைக்குப் போனோம். அவருடைய பேரன், ஆறு வயதுப் பையன், எங்களுடன் வந்திருந்தான்.

மூலஸ்தானத்தில் பெருமாள் வராக மூர்த்தியாக நிற்கிறார். ஒரு திருவடி தரையில். மற்றொன்று மடங்கி உயர்ந்து ஆதிசேஷன் தம்பதியின் தலைமேல். மடங்கிய இடத் தொடையில் அகிலவல்லித் தாயார். திருவை இடப்பக்கத்தில் வைத்துக்கொண்ட எந்தை ஆதலால் திருவிடவெந்தை. அதுவே திருவிடந்தை என்று மருவியது என்பார்கள். (மாமல்லபுரத்தில் இதே கோலத்தில் பிராட்டி வலப்பக்கம் இருப்பதால் அது திருவலவெந்தை.) பையன் வெகு நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தாத்தா, பெருமாளுக்கு முட்டி வலிக்காதா?" என்று உரக்கக் கேட்டான். நண்பர் அவன் வாயைப் பொத்தப் போனார். அர்ச்சகர் சிரித்துக்கொண்டே, "யுகக் கணக்காய்ப் பழகிப் போச்சு, குழந்தே!" என்று சொல்லிச் சடாரியை அவன் தலையில் வைத்தார்.

அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. வலிக்குமா வலிக்காதா என்பது ஒரு புறம் இருக்கட்டும். ஒரு கனத்தைத் தொடையில் தாங்கி ஒற்றைக் காலில் நிற்பதற்கு ஒரு தேகத்தில் எத்தனை ஏற்பாடுகள் வேண்டும் என்பதை யோசித்தால் ஆச்சரியமாயிருக்கிறது.

நம் உடம்பில் எலும்புகளை அசைக்கும் தசைகள் அறுநூறுக்கு மேல் இருக்கின்றன. அத்தனைக்கும் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று: சுருங்குவது. தசை சுருங்கினால் அதன் நுனியில் உள்ள நாண் எலும்பை இழுக்கும். எந்தத் தசைக்கும் இழுக்கத் தெரியுமே ஒழியத் தள்ளத் தெரியாது. கதவைத் தள்ளுகிறோமே என்று நேயர்கள் கேட்கலாம். கதவைத் தள்ளுவது கை. அந்தக் கையை நீட்டுவதற்கு முழங்கையின் பின்புறத் தசை ஒன்று தன் எலும்பை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

தேர் வடத்தை நினைத்துக்கொள்ளலாம். வடத்தால் தேரை இழுக்கலாம். வடத்தைப் பிடித்துத் தேரைத் தள்ள யாராலும் முடியாது. முன்னால் போன தேர் பின்னால் வர வேண்டுமானால் பின்னாலும் ஒரு வடம் கட்ட வேண்டும். மூட்டுகளில் இயற்கை செய்திருப்பது இதுதான். முழங்கையை மடக்க முன்புறம் சில தசைகள். நீட்டப் பின்புறம் ஒன்று. மடக்கும் தசைகள் என்றதும் எல்லாரும் பயில்வான்கள் காட்டும் அந்த உருண்டையைத்தான் எண்ணுவார்கள். அதற்கு அடியில் மறைந்திருக்கும் வேறொரு தசைதான் எந்த நிலையிலும் முழங்கையை மடக்கும் உண்மையான உழைப்பாளி. முன்கையில் மூன்றாவது ஒன்றும் உதவிக்கு வருகிறது. உழைப்பவன் உள்ளே இருக்க, புகழ் மேலே இருப்பவனுக்குப் போவது உலக வழக்கம்.

முன்வடம் இழுக்கும்போது பின்வடம் தளர வேண்டாமா? இரண்டு கட்சியும் ஏக காலத்தில் இழுத்தால் தேர் நகராது. இங்கிலாந்து தேசத்து ஷெரிங்டன் என்ற விஞ்ஞானி இதை வருஷக் கணக்காக ஆராய்ந்தார். மடக்கும் தசைக்கு "இழு" என்று உத்தரவு போகும் அதே கணத்தில், எதிர்த் தசைக்கு உத்தரவு அனுப்பும் நரம்பணுக்களை முதுகுத் தண்டிலேயே அடக்கிவிடும் ஓர் ஏற்பாடு இருக்கிறது என்று அவர் நிரூபித்தார். நரம்பணுக்களின் தொழிலை விளக்கியதற்காக 1932-ஆம் ஆண்டு அவருக்கும் எட்ரியன் என்பவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் எதிர்த் தசை எப்போதும் தளர்ந்தே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு மரையாணியை வலது கையால் பலமாகத் திருகி முடுக்கிக்கொண்டே, இடது கையால் மேற்கையைத் தடவிப் பாருங்கள். முன்புறமும் கல்லாக இருக்கும், பின்புறமும் கல்லாக இருக்கும். காரணம் இது: பயில்வான் காட்டும் அந்த முன்புறத் தசைக்கு முழங்கையை மடக்குவது, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது என்று இரண்டு தொழில். இப்போது நமக்கு வேண்டியது திருப்புவது மாத்திரம். அது சுருங்கினால் இரண்டையும் சேர்த்தே செய்யும். ஆகவே மடங்க விடாமல் பின்புறத் தசை முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. காலையில் சத்துருவாயிருந்தவன் மாலையில் மித்திரன் ஆகிறான். பாரிஸ் நகரத்தில் துஷேன் என்ற வைத்தியர் தோலின்மேல் மின்சாரம் பாய்ச்சித் தசைகளை ஒவ்வொன்றாகத் துடிக்க வைத்துப் பார்த்து, 1867-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். இயல்பான அசைவு எதிலும் ஒரு தசை தனியே வேலை செய்வதில்லை என்பதே அதன் சாரம்.

இன்னும் ஒரு வேடிக்கை. நீர் நிறைந்த குடத்தை இடுப்பு உயரத்திலிருந்து மெல்லக் கீழே இறக்குகிறோம். மடங்கியிருந்த முழங்கை நீளுகிறது. நீட்டும் தசைதானே வேலை செய்ய வேண்டும்? இல்லை. குடம் தன் கனத்தாலேயே கீழே போகும். அதற்கு யாருடைய ஒத்தாசையும் வேண்டியதில்லை. விழாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. மடக்கும் தசையே, கிணற்றுக் கயிற்றைக் கை விட்டுக் கை மெல்ல விடுவதுபோல், இழுத்துக்கொண்டே நீண்டு கொடுக்கிறது. திருக்கழுக்குன்றத்து மலைக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். ஏறும்போது மூச்சு வாங்குகிறது. ஆனால் மறுநாள் தொடை வலித்தால் அது பெரும்பாலும் இறங்கியதன் பலன். ஒவ்வொரு படியிலும் தொடையின் முன்தசை, நீண்டுகொண்டே, உடம்பின் பாரத்தை இழுத்துப் பிடித்திருக்கிறது.

இப்படி நீண்டுகொண்டே தாங்குவதற்குச் செலவு மிகக் குறைவு. லண்டனில் 1952-ல் அபட், பிரெண்டா பிக்லண்ட், ரிட்சி என்ற மூவர் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக ஒரே சங்கிலியால் பிணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும். மற்றவர் தம் கால் பின்னால் தள்ளப்படும்போது அதைத் தடுக்க வேண்டும். இருவருடைய பலமும் சரிசமம், வேகமும் ஒன்றே. ஆனால் மிதித்தவருக்குச் செலவான பிராணவாயு தடுத்தவருக்கு ஆனதைவிடப் பல மடங்கு. உருவத்தில் சிறிய பெண்மணி ஒருவர் உட்கார்ந்து தடுக்க, பெரிய ஆடவர் ஒருவர் மிதித்துக் களைத்துப் போனாராம்.

இப்போது பையனுடைய கேள்விக்கு வருவோம். நேயர்கள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, ஊன்றிய காலின் இடுப்புப் பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள். அங்கே ஒரு தசை விறைத்துக்கொள்வது தெரியும். அது இழுத்துப் பிடிக்காவிட்டால் தூக்கிய கால் பக்கம் இடுப்பு சரிந்துபோகும். முழங்காலுக்கு முன்னும் பின்னும் உள்ள எதிர்க் கட்சிகள் சச்சரவை மறந்து ஒருங்கே இறுகி அதைத் தூணாக்குகின்றன. தேரை நிறுத்த இரு பக்கமும் முட்டுக்கட்டை போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கணுக்காலோ ஒரு கணம்கூடச் சும்மா இருப்பதில்லை. இம்மி இம்மியாக அப்படியும் இப்படியும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. மல்லையில் பெரும் பாறைச் சிற்பத்தில் ஒற்றைக் காலில் நின்று கைகளைத் தூக்கித் தவம் செய்கிறாரே, அவர் அர்ஜுனனா பகீரதனா என்று பண்டிதர்கள் வாதாடட்டும். அவருடைய இடுப்புத் தசை மகா பலசாலி என்பதில் இரு கட்சிக்கும் ஆட்சேபம் இராது.

இதுவரை சொன்னது வேடிக்கை. இதே விஷயத்தில் பல மனிதர்களுடைய பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்த ஒரு கதையும் உண்டு. அது நடந்ததும் இந்தப் பிரதேசத்தில்தான்.

நம் விரல்களுக்குள்ளே தசை கிடையாது. விரலை மடக்கும் பெரிய தசைகளும் நீட்டும் பெரிய தசைகளும் முன்கையில் இருந்துகொண்டு, நீண்ட நாண்களால் விரல்களைப் பொம்மலாட்டக்காரன்போல் இழுக்கின்றன. இவை தவிர உள்ளங்கையிலேயே ஏறக்குறைய இருபது சின்னஞ்சிறு தசைகள் இருக்கின்றன. இவற்றின் தொழில் நூதனமானது: விரல் உள்ளங்கையோடு சேரும் அடி மூட்டை மடக்கும்; அதே சமயம் விரலின் மற்ற இரண்டு மூட்டுகளையும் நீட்டும். சோற்றை உருட்டி எடுப்பதும், பேனா பிடிப்பதும், ஒரு காசைப் பொறுக்குவதும் இவற்றின் தயவு. முழங்கையைச் சுவரில் இடித்துக்கொண்டால் 'சுரீர்' என்று சுண்டுவிரல் வரை பாய்கிறதே, அந்த நரம்புதான் இவற்றில் பெரும்பாலானவற்றிற்கு உத்தரவு கொண்டுபோகிறது.

தொழுநோயின் கிருமிக்கு உடம்பில் உஷ்ணம் குறைந்த இடங்களே பிடிக்கும். தோலுக்கு அருகில் ஓடும் அந்த நரம்பை முழங்கைப் பக்கத்தில் அது கெடுத்துவிடுகிறது. சிறு தசைகள் சோர்ந்துபோகின்றன. முன்கைப் பெருந்தசைகளுக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் அவற்றைச் சமன்செய்வார் இல்லை. நீட்டும் தசை அடி மூட்டைப் பின்னால் வளைக்கிறது; மடக்கும் தசை மற்ற மூட்டுகளைச் சுருட்டுகிறது. கை பருந்தின் நகம்போல் ஆகிவிடுகிறது. பிடிக்கப் போனால் பொருளை விரல் நுனியே தள்ளிவிடும். இந்த அவலத்தைப் பார்த்தவர்கள், நோய் சதையைத் தின்றுவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிட்டார்கள்.

செங்கற்பட்டை அடுத்த திருமணியில் அந்நாளில் லேடி வில்லிங்டன் பெயரால் ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரி இருந்தது. டாக்டர் காக்ரேன் அதன் தலைவர். சல்போன் மருந்துகள் அப்போதுதான் வரத் தொடங்கி, கிருமியை அடக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்திருந்தது. 1947-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து பால் பிராண்ட் என்ற இளம் ரண வைத்தியர் அதைப் பார்க்க வந்தார். ஆங்கிலேயர்தான், ஆனால் பிறந்தது 1914-ல் நம் கொல்லிமலையில். கைகள் சுருண்ட நோயாளிகளைத் தோட்டத்தில் பார்த்துக்கொண்டே போனவர், ஒருவருடைய கையில் தம் கையைக் கொடுத்து, முடிந்தமட்டும் அழுத்தும்படி சொன்னார். செத்த கையின் தொடுகையை எதிர்பார்த்தார். அந்தப் பிடியோ இரும்புப் பிடியாக இருந்தது. வலி பொறுக்காமல் அவர் கையை உருவிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்த ஒரு வலியில் விஷயம் விளங்கிவிட்டது. இந்தக் கையில் பலமான தசைகள் இருக்கின்றன. கூட்டு வேலைதான் கெட்டிருக்கிறது. நோயாளிகளை ஒவ்வொருவராகப் பரிசோதித்ததில், கெடும் தசைகள் எவை, பிழைக்கும் தசைகள் எவை என்பதில் ஓர் ஒழுங்கு இருப்பதும் தெரிந்தது. விரலை மடக்குவதற்கு முன்கையில் இரண்டு வரிசைத் தசைகள் உண்டு. ஒரு வரிசை போனாலும் மற்றது சமாளிக்கும். 1948 முதல் வேலூரில் அவர் செய்த சிகிச்சை இதுதான்: மேல்வரிசைத் தசை ஒன்றின் நாணைத் தன் இடத்திலிருந்து விடுவித்துப் பிளந்து, உள்ளங்கை வழியாகச் செலுத்தி, விரல்களின் பக்கத்தில் தைப்பது. மடக்கிக்கொண்டிருந்த தசை இனிச் சிறு தசைகளின் உத்தியோகத்தைப் பார்க்கும். பிற்பாடு, மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளில் ஒன்றைக் கடன் வாங்கி, காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணால் நீட்டித் தைக்கும் முறையையும் அவர் கையாண்டார்.

ஆனால் தைத்துவிட்டால் போதுமா? சில வாரம் மாவுக்கட்டு, பிறகு பள்ளிக்கூடம். பழைய தசைக்குப் புதுத் தொழில் கற்பிக்க வேண்டும். ஆரம்பத்தில் நோயாளி, பழைய வேலையைச் செய்வதுபோல் எண்ணிப் புதிய அசைவை உண்டாக்குவார். நாளடைவில் அந்த நினைப்பே வேண்டாமற் போகும். சோறு எடுக்க எண்ணினால் விரல் தானே சரியாக வளையும். லண்டன் வைத்தியர் பீவர் 1903-ல் செய்த பிரசங்கங்களில், மூளையின் மேற்புறணி அறிந்தது அசைவுகளையே, தனித் தனித் தசைகளை அல்ல என்ற கருத்தை விளக்கினார். வேலூரில் நோயாளிகள் அதைத் தங்கள் கைகளால் மெய்ப்பித்தார்கள் எனலாம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நம் மனத்தைக் குடைகிறது. கை நேரான சிலர் மறுபடி ஊருக்குப் போய் மறுபடி திரும்பி வந்தார்கள். "கோணல் கையைக் கண்டு பிச்சையாவது போட்டார்கள், ஐயா. இந்தக் கைக்கு அதுவும் இல்லை, வேலையும் யாரும் தரமாட்டேன் என்கிறார்கள்" என்பது அவர்கள் முறையீடு. ஊர் அவர்களைக் கிராமத்து எல்லைக்குள் விட்டால்தானே! 1951-ல் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்று குடிசைகள் எழுப்பி, தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றுக்கொடுத்தார்கள். அங்கும் ஒரு சிக்கல். சிகிச்சை அசைவைத் தந்தது. போன உணர்ச்சியைத் தரவில்லை. உளி கையைக் கிழித்தாலும் தெரியாது. கருவிகளின் கைப்பிடிகளை மாற்றி, ஒவ்வொரு மாலையும் கண்ணால் கையைச் சோதிக்கப் பழக்கினார்கள்.

காந்தியடிகள் சேவாக்கிராமத்தில் தொழுநோயாளியான பர்ச்சுரே சாஸ்திரியைத் தம் கையால் தேய்த்துக் குளிப்பாட்டிப் பணிவிடை செய்ததும், நிர்மாணத் திட்டத்தில் இந்நோயாளர் சேவையைச் சேர்த்ததும் நாம் அறிந்ததே. திருமணி ஆஸ்பத்திரியை 1955-ல் மத்திய சர்க்கார் ஏற்றுக்கொண்டு, போதனைக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய நிலையமாக்கினர். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையை உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்கள் 1981-ல் சிபாரிசு செய்த பின், நோய் அறவே குணமாகும் என்பது நிச்சயமாயிற்று. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அந்த மருந்து இலவசம். தோலில் உணர்ச்சியற்ற படை தோன்றினாலோ, சுண்டுவிரல் பலம் குறைந்து ஒதுங்கினாலோ உடனே காட்ட வேண்டும். நரம்பு கெட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தால் மருந்தினாலேயே மீட்கக் கூடும். சுருண்ட பிறகு வந்தாலும் நாண் மாற்றும் சிகிச்சை இன்றும் நடைபெறுகிறது.

ஆனால் 1955-ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டம் தொழுநோயை விவாகரத்துக்கு ஒரு காரணமாக வைத்திருந்தது. மருந்து வந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டு சென்ற பின்னர், 2019-ல்தான் பார்லிமெண்டு அந்த வாசகத்தை நீக்கியது. கிருமியைவிடச் சட்டப் புத்தகத்திற்கு ஆயுள் கெட்டி.

திருவிடந்தையில் நண்பருடைய குமாரி ஒன்பதாவது சுற்று சுற்றிக்கொண்டிருந்தபோது, நாமும் பையனும் வாசலில் பூக்கடை ஓரம் உட்கார்ந்திருந்தோம். கடைக்கார அம்மாள் சாமந்தி தொடுத்துக்கொண்டிருந்தார். இடது கையில் விரலடி மூட்டுகள் மடங்கி, விரல்கள் நேராக நின்று பூவைப் பிடித்திருந்தன. வலது கை நாரைச் சுற்றி, முடிந்து, இழுத்தது. அவர் கண் கையில் இல்லை. சாலையில் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பையன் ஒரு துண்டு நாரும் நாலு பூவும் வாங்கித் தானும் முயன்றான். நாலும் உதிர்ந்தன. அவர் சிரித்துவிட்டு, இன்னும் நாலு பூ கொடுத்தார்.